கோணல் புட்டா

பிள்ளைகளே, என் கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்று நீங்கள் சிரிப்பீர்கள். அதைப் பிடுங்கியவர் ஒரு சீனர். அந்தப் பல் போன அன்றுதான் ஒன்பது செத்துப்போனவர்கள் என் கைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

சீன யுத்தம் முடிந்து மூன்று வருஷம் இருக்கும். அப்போது எனக்குத் தறிக்கு அட்டை அடிக்கும் வேலை. சேலையில் வரவேண்டிய பூவை, நாங்கள் புட்டா என்போம், முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். பிறகு கட்டம் பார்த்து அட்டையில் ஓட்டை போட வேண்டும். அந்த அட்டைகளைக் கோத்து தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை எப்படியோ பூ அப்படி. என் அட்டையில் ஒரு பூகூட ஒரு பக்கம் சாய்ந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அந்தச் சீனப் பல் டாக்டர் சின்ன வயதிலேயே அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவர். நம்மைப் போலவே பேசுவார். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நினைத்தபோது வீட்டைச் சோதனை போட்டு, சீன எழுத்து இருக்கும் எதையும் எடுத்துப் போவார்கள். ஒருமுறை தைல டப்பாவைக்கூட எடுத்துப் போனார்கள்.

என் பல்லைக் குறடால் பிடித்துக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார்.

"தம்பி, எங்க ஊர்ல பஞ்சம் வந்து ஜனம் கொத்துக் கொத்தா செத்துப்போச்சு. அங்க இருக்கற சர்க்கார் யாரும் பட்டினியால சாவலன்னு எழுதி வெச்சிருக்குது. மாத்திப் பேசினா புடிச்சிக்கினு போயிடுவாங்க. எங்க அண்ணன் எங்க வூட்டு ஆளுங்க ஒன்பது பேரோட பேரை ஒரு சீட்டுல எழுதி, கை மாத்தி கை மாத்தி அனுப்பியிருக்காரு. அங்க இருந்தா கொளுத்துவாங்க. இங்க இருந்தா இவங்க எடுத்துக்கினு போவாங்க. துணியில நெய்ஞ்சிட்டா யாருக்குத் தெரியும்? செய்யறியாப்பா?"

நான் "ஆஆ" என்றேன். வலி தாங்காமல் சொன்னது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லா இருப்பா நீ" என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது?

பேருக்கு மூன்று எழுத்து, ஆக இருபத்தேழு. சீட்டைக் கையில் கொடுத்து, வரைந்து முடித்ததும் கொளுத்திவிடச் சொன்னார். கட்டத் தாளில் பென்சிலால் அப்படியே பார்த்து வரைந்தேன். வரைந்தபின் தள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் கோணல். ஒரு எழுத்துக்கு இடது பக்கம் மூன்று கால், வலது பக்கம் ஒரு கால். இன்னொன்றுக்குக் கூரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பாவம், அண்ணனுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். அதே தாளில் இருபத்தேழையும் திருத்தினேன். இடது பக்கம் கால் இருந்தால் வலது பக்கமும் கால் வைத்தேன். சிவப்பு மையில் எடுப்பாகக் கட்டம் நிரப்பினேன். பிறகு சொன்னபடியே சீட்டை அடுப்பில் போட்டேன்.

என் அக்கா வீட்டுக்காரர் தறியில் அது ஏறியது. முந்தானையில் வரிசை வரிசையாக இறங்கியதைப் பார்த்து, "மச்சான், இந்த மாதிரி புட்டாவை நான் பார்த்ததே இல்லப்பா" என்று அவரே அசந்துபோனார். சேலையை மடித்து டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் விரித்தார். ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல யார் பேரும் இல்லியே. இருபத்தேழு வண்டு இருக்குது."

"கோணலா இருந்துச்சு டாக்டர். நேர் பண்ணிட்டேன்."

"சீட்டு?"

"நீங்க சொன்ன மாதிரியே கொளுத்திட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. "எனக்கு நாலு பேர்தாம்பா ஞாபகம் இருக்குது. மீதி அஞ்சும் நான் பார்க்காத புள்ளைங்க" என்றார். அங்கே ஒரு சர்க்கார் செய்த வேலையை இங்கே நான் ஒருத்தன் சிவப்பு மையால் செய்து முடித்திருந்தேன்.

அப்போதுதான் முதலில் வரைந்த பென்சில் கோடு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்தேன். அவர் தாளை நாற்காலியில் சாய்த்து வைத்தார். விளக்கை இழுத்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பூச்சி அரித்த பல்லைத் தேடுகிறவர் மாதிரி குனிந்தார். மைக்கு அடியில் பென்சில் அழுத்தம் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான் புதுத் தாளில் வரைந்தேன். கை தானாக இன்னொரு காலை வைக்கப் போகும். "வேணாம்பா, அது நொண்டியாவே இருக்கட்டும்" என்பார்.

இதற்கிடையில் நான் திரும்ப எடுத்துவந்த அந்த முதல் சேலை கடைக்குப் போய், வண்டு புட்டா என்று பேர் வாங்கிவிட்டது. கல்யாணத்துக்குக் கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள். டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னேன். "தாராளமா கட்டிக்கட்டும். அதுலதான் செத்தவங்க யாரும் இல்லியே" என்றார்.

புது அட்டை அடித்து நெய்த சரியான சேலையை நான் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கே சோதனை வந்தது. வந்த ஏட்டு நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. மேஜை மேலிருந்த சேலையை விரித்தார்.

"இன்னாய்யா இது, சீன எழுத்தா?"

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "புட்டா சார்" என்றேன் நான்.

"புட்டாவா? எங்க வூட்ல நாலு தறி ஓடுது. எங்கிட்டயேவா? புட்டான்னா ரெண்டு பக்கமும் ஒத்துப் போவணும். இது ஒண்ணாவது நேரா நிக்குதா? எல்லாம் சாஞ்சிக்கினு இருக்குது. எவன் அட்டை அடிச்சது?"

தப்பாக அடித்தேன் என்றால் ஊரில் இத்தனை வருஷம் சேர்த்த பேர் போய்விடும். சரியாகத்தான் அடித்தேன் என்று சொன்னால் அந்த ஒன்பது பேரும் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள்.

"நான்தான் சார். தப்பா அடிச்சிட்டேன்."

"தெரியுதில்ல? இதை எந்தப் பொண்ணு கட்டும்?"

"யாரும் வாங்கல சார். டாக்டர் போத்திக்கறதுக்கு எடுத்துக்கினாரு."

"அதுக்குத்தான் லாயக்கு" என்று டாக்டரின் தோளிலேயே போட்டார். அலமாரியிலிருந்த பல்பொடி டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நல்ல தமிழ் டப்பா. மூடியில் ஒரு டிராகன் இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் பல மாதம் என்னைக் கண்டால், "இன்னாப்பா, கோணல் புட்டா" என்று தெருவில் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் டாக்டர் கல்கத்தாவிலிருந்த சொந்தக்காரர்களிடம் போய்விட்டார். நல்ல வெயில் காலம். அந்தப் பட்டுச் சேலையைப் போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க பஸ் ஏறினார்.

பழைய அட்டையைப் பிரித்து வேறு வேலைக்குப் போடுவதுதான் வழக்கம். அக்கா வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் அந்த ஒன்பது பேரின் அட்டைக் கட்டை இறக்கி, கயிறு அவிழாமல் துணியில் சுற்றினேன். சுற்றும் முன்பு முதல் அட்டையில், பேனா மசி காயும் வரை ஊதி ஊதி, இப்படி எழுதினேன்: "இது சரியாக இருக்கிறது. யாரும் திருத்த வேண்டாம்."