தூளி இறங்காத நேரம்

வேகம் பூஜ்யமாக இருக்கும் ஒரு கணம் எவ்வளவு நேரம் நீடிக்க முடியும்? கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் நடந்தது இது. மகளுக்கு அப்போது எட்டு மாதம். கோவில்பதாகையில் மாடி வீடு எங்களுடையது. மதியம் அவளைத் தூளியில் போட்டு, தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வேன். கால் ஆட்டும், கை வேறு வேலை பார்க்கும். அன்று கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வகைக்கெழு சொல்லித் தந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"t மேல இருக்கிற அடுக்க முன்னாடி கொண்டா, அப்புறம் அடுக்குல ஒண்ணு கொறை. t²-க்கு 2t. 4t-க்கு வெறும் 4."

"இன்னாத்துக்குக்கா இதெல்லாம்? காய் வாங்கப் போனா கேப்பாங்களா?"

சிரித்துவிட்டுத் தூளியைக் காட்டினேன். t நொடியில் நடுவிலிருந்து அது விலகும் தூரம் 4t − t² என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். உண்மையில் தூளி அப்படி ஆடாது. எளிதாகப் புரியட்டும் என்று சொன்னேன், அது தவறோ என்று இப்போதும் உறுத்துகிறது. தூரத்தின் வகைக்கெழுதான் வேகம்; அது 4 − 2t என்று அவளே போட்டாள். இரண்டாவது நொடியில் பூஜ்யம்.

"அப்போ ரெண்டாவது செகண்டுல நின்னுடுமாக்கா?"

"நிக்காது. அந்தக் கணத்துல வேகம் மட்டும் பூஜ்யம். உடனே திரும்பிடும், பாரு."

இருவரும் பார்த்தோம். தூளி என் பக்கமாக உயர்ந்து வந்தது. திரும்பவில்லை. சாய்ந்தபடியே நின்றது. மின்விசிறிக் காற்றில் நோட்டின் தாள் படபடத்தது. தூளித் துணி அசையவில்லை.

"இன்னாக்கா, எறங்கவே மாட்டேங்குது?"

நான்தான் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறேனோ என்று குனிந்தேன். கயிறு தளர்ந்து தரையில் கிடந்தது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டும். தொட்டால் என்ன ஆகுமோ என்று உட்கார்ந்தே இருந்தேன். பிறகு, யாரோ மெல்லக் கையை எடுத்ததுபோல, அது இறங்கியது. உள்ளே மகள் விழித்திருந்தாள். அழவில்லை. துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"தூக்கம் கெட்டா அப்படித்தான் தெரியும்" என்கிறார் கணவர். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் கெடவில்லையே. அவள் அதன்பின் மாடி ஏறவில்லை. "நீ கீழ வாக்கா, எங்க ஊட்ல சொல்லிக் குடு" என்கிறாள்.

மகளோ பாயில் போட்டால் மூச்சு முட்ட அழுகிறாள், தூளியில்தான் தூங்குகிறாள். கயிற்றை எடுத்துவிட்டேன். அவள் விழிக்கும்வரை தூளியைப் பிடித்தபடி நிற்கிறேன். குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: தூளியை அவிழ்த்துவிட்டு, பாயில் அழுது பழகட்டும் என்று விடட்டுமா, இல்லை இப்படியே பிடித்தபடி நிற்கட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?