சோதனைக் குழாய்க்குப் பின்னால் இருந்த கோடுகள்

முதலாம் ஆண்டில் செல் உயிரியலும் மரபியலும் படிக்க மஸ்கட்டுக்கு மேற்கே ருஸ்தாக் ஊரில் இருக்கிற அந்தக் கல்லூரிக்கு வந்த எந்தப் பெண்ணும் ஸுவைனாவின் வெங்காயத்துக்குத் தப்பியதில்லை. ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம், அடியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வெள்ளை வேர். காலையில் எத்தனை மணிக்கு அந்த வேர் நுனியை வெட்டினால் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும்போதே பிடிபடும் என்பது வாத்தியார்களுக்கே அவள் சொல்லித்தான் தெரியும். அவள் படித்ததோ ஆறாம் வகுப்பு. முப்பத்திரண்டு வருடமாக அங்கே உதவியாளர். சாயம் கரைப்பாள், தகடு துடைப்பாள், குழாய் கழுவுவாள். பாடத்தையும் கேட்பாள், ஆனால் பாதிதான். பாதிப் பாடத்தில் பின்னறைக்குப் போய்க் கழுவத் தொடங்கினால்தான் அடுத்த வகுப்புக்குக் குழாய்கள் காயும்.

அந்தப் பாதிப் பாடம்தான் அவள் குடியைக் கெடுத்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் அண்ணன் ஸுலைமானின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸுலைமானுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ரைய்யாவுக்கு இரத்தம் உடையும் நோய். இரத்தச் செல்கள் அரிவாள் மாதிரி வளைந்து, குழாய்களில் அடைத்துக்கொண்டு, எலும்புக்குள் வலியைக் கொண்டுவருகிற நோய். வலி வந்தால் அந்தக் குழந்தை அம்மாவிடம் போகாது, அத்தையிடம்தான் வரும். ஒன்பது வயதில், ஸுவைனாவின் மடியில் கிடந்தபடியே, "அத்தை, காலை மட்டும் பிடிச்சு விடுங்க, போதும்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டது. அதற்குப் பிறகு பல வருடம் ஸுவைனா யாருடைய குழந்தையின் காலையும் தொட்டதில்லை.

இளையவள் ஷம்ஸா. நோய் எதுவும் இல்லாமல் கொழுகொழுவென்று வளர்ந்தாள். ஸுவைனாவின் ஒரே மகன் ஹைதம் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அத்தை மகன், மாமன் மகள். இரண்டுக்கும் ஒன்றின் மேல் ஒன்றுக்கு ஆசை என்பது பேரீச்சந்தோப்பில் தண்ணீர் திறந்துவிடுகிறவன் வரைக்கும் தெரியும். ஹைதமுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஸுலைமானே வந்து கஹ்வாக் காப்பி குடித்துக்கொண்டு பேச்சை எடுத்தார். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். ஸுவைனா கஹ்வா ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

காரணம் இருந்தது. கல்லூரியில் மிஞ்சிய சோதனைத் திரவத்தில் மகனின் இரத்தத்தை ஒரு துளி விட்டு, அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைத்துப் பார்க்கிற சோதனை அது. குழாய் கலங்கினால் கோடு தெரியாது. ஹைதமின் குழாய் கலங்கியது. நோய் இல்லை, ஆனால் குறை உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒளித்து வைத்திருக்கிற இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அது வரைக்கும் பாடத்தை அவள் கேட்டிருந்தாள். ரைய்யாவுக்கே நோய் வந்த வீடு, தங்கைக்குள் இல்லாமலா இருக்கும் என்று அவளே மிச்சத்தை முடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி புள்ளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமே," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

ஸுலைமான் கோப்பையைக் கீழே வைத்தார். "எம் பொண்ணு என்ன, நிஸ்வா சந்தைக்கு வந்த ஆடா? வாயைப் பிளந்து பல்லைப் பாக்கப் போறியா? நாளைக்கு ஊசி போட்டாங்களாம், என்ன சீக்கோன்னு நாலு பேர் பேசினா அவளை யாரு எடுப்பா?"

"அப்படி இல்லண்ணே."

"வேற எப்படி? பதினஞ்சு வருஷமா குழாய் கழுவினதுல நீயும் டாக்டராயிட்டே போல."

அத்தோடு பேச்சு முடிந்தது. நாள் குறிக்கிற வேலை மட்டும் பாக்கி. ஸுவைனாவுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால், ஷம்ஸாவின் மடியில் ஒரு குழந்தை காலைப் பிடித்துவிடச் சொல்லிக் கேட்டது. ஷம்ஸா மீன் அரிய உதவிக்கு வருகிற பெண், விரலில் ஒரு துளி எடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே ஒரு துளி. அது ஏன் தன் புத்திக்கு எட்டவில்லை என்று பிற்பாடு பதினாறு வருடம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். எட்டியிருந்தாலும் செய்திருக்கமாட்டாள். பதில்தான் தனக்குத் தெரியும் என்று நினைத்தாளே.

துளிக்குப் பதிலாக அவள் ஒரு பொய்யை எடுத்தாள்.

ஷம்ஸா பிறந்தபோது அவள் அம்மா ஜன்னி கண்டு மஸ்கட் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். பச்சைக் குழந்தை ஸுவைனாவிடம்தான் இருந்தது. அவளுக்கோ பால் வற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. டின் பாலைக் கரைத்துத்தான் கொடுத்தாள். அது தெரிந்தது அவளுக்கும் கணவனுக்கும்தான், கணவன் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டான். நாள் குறிக்கப் பெரியவர்கள் கூடிய அன்று அவர்கள் நடுவே வந்து நின்று, "இந்தக் கல்யாணம் ஆகாது. ஷம்ஸாவுக்கு நான் பால் கொடுத்திருக்கேன். ஒரு நாள் இல்ல, இருபது நாள். ஹைதம் அவளுக்குப் பால் அண்ணன்," என்றாள்.

அந்த ஊரில் இதற்கு மேல் வழக்கு இல்லை. ஒரே மார்பில் குடித்த இருவரும் உடன்பிறப்பு, கூடப் பிறந்தவர்களைக் கட்டக்கூடாது. பால் கொடுத்தவளின் சொல்லே சாட்சி.

"இத்தனை வருஷமா வாயில பேரீச்சங்கொட்டையா வச்சிருந்தே?" என்று சீறினார் ஸுலைமான்.

"மறந்துட்டேன் அண்ணே."

"பால் கொடுத்ததைக் கூடவா ஒருத்தி மறப்பா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹைதம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசியபோதும் கேட்டது ஒரே கேள்வி. "உம்மா, உண்மையா?" அவள் உண்மை என்றாள். மறுபேச்சில்லாமல் நம்பினான், பாவி மகன். இரண்டு வருடம் கழித்து, இரத்தப் பரிசோதனையில் குறை அவனுக்கு மட்டும்தான், பெண்ணுக்கு இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு, பக்கத்தில் நக்கல் என்ற ஊரில் பெண் எடுத்தான். இப்போது மூன்று பிள்ளைகள்.

ஷம்ஸா கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று இடம் வந்தது, மனசுக்கு ஒத்துவரவில்லை என்று தட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு ஸுவைனாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். அத்தை என்று கூப்பிட்டவள், ஸுவைனா அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளிலிருந்தே உம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். பால் கொடுத்தால் அம்மாதானே. ஒவ்வொரு முறை அந்தச் சொல் காதில் விழும்போதும் ஸுவைனாவுக்குச் சுருக்கென்று குத்தும். இருந்தாலும், காலைப் பிடித்துவிடச் சொல்லி அழ ஒரு குழந்தை பிறக்கவில்லை அல்லவா, அது போதும் என்று தேற்றிக்கொள்வாள்.

ஹைதமும் ஷம்ஸாவும் உண்மையிலேயே அண்ணன் தங்கை ஆகிவிட்டார்கள், அதுதான் வேடிக்கை. அவன் முன்னால் அவள் முக்காடு போடத் தேவையில்லை. அவன் காரில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து போகலாம். ஏறியதும் முதல் வேலையாக முக்காட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணே, ஏசியைக் கூட்டுங்க, வெந்து சாகிறேன்," என்பாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அலுவலகத்தில் சண்டை போட, பெருநாளுக்குத் துணி எடுத்துக்கொடுக்க அவன்தான்.

முப்பத்தாறு வயதில் அவளுக்குப் பட்டப்படிப்பு ஆசை வந்தது. மாலை வகுப்பில் சேர்ந்தாள். முதல் பருவத்திலேயே செல் உயிரியலும் மரபியலும். ஸுவைனாவின் ஆய்வுக்கூடம்.

நடத்தியவர் டாக்டர் பக்ரி, சூடான்காரர், பகடிப் பேர்வழி. முதல் மாதம் வெங்காயத்தில் போயிற்று. பிறகு, வெள்ளி சனி விடுமுறை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தச் சோதனை. விரும்புகிறவர்கள் விரலில் ஒரு துளி எடுத்துக் குழாயில் விட்டார்கள். ஸுவைனா அட்டைகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டே வந்தாள். பதினோராவது குழாய் ஷம்ஸாவுடையது. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தாள். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெரிந்தன.

திரவம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பத்தாவது கலங்கியிருந்தது, பன்னிரண்டாவது கலங்கியிருந்தது. நடுவில் இது மட்டும் தெளிவு.

செவ்வாய்க்கிழமை குடும்பப் படம் வரைகிற பாடம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் இருந்தால் முழுதும் கறுப்பு, குறை மட்டும் இருந்தால் பாதிக் கறுப்பு. அன்று ஸுவைனா குழாய் கழுவப் போகவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சுவரோரம் நின்று முழுப் பாடத்தையும் கேட்டாள்.

டாக்டர் பக்ரி ஷம்ஸாவின் தாளை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "யார்ம்மா இந்த அண்ணன்? கோடு எங்கிருந்தோ வருதே."

"பால் அண்ணன், உஸ்தாத்."

"நல்லா இருக்கு. வருஷா வருஷம் ஒருத்தி இந்தத் தப்பைப் பண்ணிடறீங்க. பால்ல பாசம் வரும், ஷரீஅத் வரும், மரபணு வராது. ரத்தத்துல அவர் உனக்கு என்ன வேணும்?"

"அத்தை மகன்."

"அப்ப அங்கே போடு." கரும்பலகையில் அவரே வரைந்தார். "அக்கா நோயில போயிட்டா. தங்கச்சிக்கு நோய் இல்ல. அவளுக்குள்ள குறை ஒளிஞ்சிருக்க எத்தனை வாய்ப்பு?"

"மூணுல ரெண்டு," என்றாள் முன்வரிசைப் பெண்.

"மிச்சம் ஒண்ணு?"

"சுத்தம்."

"நம்ம ஷம்ஸா அந்த ஒண்ணு. குழாய் சொல்லிடுச்சு. அத்தை மகனுக்குப் பாதிக் கறுப்புன்னு அவளே போட்டிருக்கா." சுண்ணக்கட்டியால் வட்டத்தையும் சதுரத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். "இந்த ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "உஸ்தாத், அது ஹராம்," என்றாள் ஒருத்தி.

"கணக்குக்குத்தாம்மா. குறையைச் சுமக்கிற பிள்ளை பிறக்கலாம், அது கிடக்கட்டும். நோயுள்ள பிள்ளை பிறக்க எத்தனை வாய்ப்பு?"

ஷம்ஸாதான் பதில் சொன்னாள். "சைபர், உஸ்தாத்."

எல்லோரும் போனபிறகு ஸுவைனா பின்னறையில் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள். ஷம்ஸா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "உம்மா, அண்ணன் வந்துடுவார், கிளம்புங்க."

"நான் உனக்குப் பால் கொடுக்கல," என்றாள் ஸுவைனா, திரும்பாமலே.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஷம்ஸா வந்து அதை மூடினாள்.

"டின் பால்தான் கொடுத்தேன். ரைய்யா மாதிரி இன்னொண்ணு பிறந்து உன் மடியில சாகக் கூடாதுன்னு சொன்னேன். உனக்குள்ள அது இல்லன்னு எனக்குத் தெரியாது புள்ள. தெரியும்னு நினைச்சேன். உன் வாழ்க்கையை நான் பாழாக்கிட்டேன். இன்னைக்கே ஹைதம்கிட்டயும் சொல்லிடறேன், என்னால சுமக்க முடியல."

 ஷம்ஸா அழவில்லை. ஸுவைனாவின் ஈரக் கைகளைத் துடைத்துவிட்டாள். "சொல்லி?" என்றாள்.

"உண்மை தெரியட்டும்."

"தெரிஞ்சு? அவர் பொண்டாட்டியை விட்டுட்டு வந்துடுவாரா, இல்ல நான்தான் அந்த மூணு புள்ளைங்க மூஞ்சியில முழிப்பேனா? நாளையிலேர்ந்து நான் அவருக்கு அந்நியப் பொம்பளை. கார்ல ஏறக் கூடாது, அவர் வந்து போற உங்க வீட்ல இருக்கக் கூடாது." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "புருஷனா வர வேண்டியவரை அண்ணனாக்கிட்டீங்க. எனக்கு இருக்கறது அந்த அண்ணன் ஒருத்தர்தான். அவரையும் எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பாரம் இறங்கணும்னு சொல்ல வேண்டாம். நீங்களே சுமங்க."

 உம்மா என்றும் அத்தை என்றும் அவள் கூப்பிடவில்லை என்பது மட்டும் ஸுவைனாவின் மனதில் பட்டது.

வெளியே கார் ஒலி கேட்டது. ஸுவைனா பின்சீட்டில் ஏறினாள். ஷம்ஸா வழக்கம்போல் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஹைதம் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டான், வெங்காயம்தான் என்றாள். கை பழக்கத்தில் முக்காட்டுக்குப் போயிற்று. பாதி அவிழ்த்தவள் நிறுத்தினாள். பிறகு அதை முன்னால் இழுத்து, நெற்றி மறைகிற வரைக்கும் இழுத்து, மோவாய்க்குக் கீழே ஊசி குத்திக்கொண்டாள்.

"என்ன, குளிருதா?" என்று ஹைதம் கேட்டுவிட்டு ஏசியைக் குறைத்தான்.