அப்படியொரு விதி இருந்தது

அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வயது போகப் போகக் கோபம் ஆறும் என்று என் மனைவி சொல்கிறாள். என்னுடையது ஆறவில்லை, ஆறவிடும் எண்ணமும் எனக்கில்லை. காரணத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன். எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, எதை இறக்கியது, எப்போது நங்கூரம் தூக்கியது என்று பதிவது வேலை. வீட்டுக்கு வந்தால் நாட்குறிப்பு எழுதுவேன். காற்று எந்தப் பக்கம், என்ன மீன் வாங்கினோம், யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற ஆள் என்று நாங்கள் குடியிருந்த லிங்கநகரில் எனக்கொரு பெயர். அதற்குமேல் பெரிதாக நான் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

அடுத்த வீட்டில் கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர் குடியிருந்தார். பெட்டிகளில் ஐஸ் போட்டுக் கண்டிக்கு மீன் அனுப்புபவர். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகன் சவூதியிலிருந்து வரும்போது ஒரு கலர் ரீவி கொண்டுவந்தான். கூரைக்கு மேலே நீளக் குழாயில் அன்ரனா கட்டி, அதைத் திருப்பித் திருப்பிப் படம் தெளிந்த நாளிலிருந்து, சனிக்கிழமை மாலைகளில் தெருவில் பாதிப் பேர் நானா வீட்டில்தான்.

அந்த நேரத்தில் ஓர் ஆங்கிலத் தொடர் போனது. நட்சத்திரங்களுக்கு இடையில் மருந்தும் தபாலும் கொண்டுபோகும் ஒரு விண்கப்பலின் கதை. ஒரு கப்டன், என்ஜின் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவர், அவர்களோடு கொஞ்ச மாலுமிகள். அங்கே கூடியவர்களில் ஆங்கிலம் விளங்குபவன் நான் மட்டும். ஆகவே ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்திவிட்டார்கள். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்வேன். யாராவது தும்மி ஒரு வசனம் கேளாமல் போனால், "இந்த இடம் கேக்கேல்லை" என்று சொல்வேனே தவிர, ஊகித்து நிரப்பமாட்டேன்.

அந்தக் கப்பலுக்கு ஒரு விதி இருந்தது. "கூப்பிட்டால் திரும்பு; கேள்வி பிறகு." ஆபத்தில் கூப்பிடுகிறவன் எதிரியா, பரதேசியா, கள்ளனா என்று விசாரிக்கக்கூடாது. முதலில் கப்பலைத் திருப்பவேண்டும். புதிதாக ஏறுகிற ஒவ்வொரு மாலுமிக்கும் என்ஜின் கிழவர் இதைச் சொல்லிக் கொடுப்பார். துறைமுகத்துச் சனத்துக்கு அதை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கிழவர் விரலைத் தூக்கினால், நான் வாய் திறக்கமுன்னரே பிள்ளைகள் தமிழில் கத்திவிடுவார்கள்.

சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். சொந்த வள்ளத்தில் மீன்பிடிப்பவர். பிடிக்கிற மீனை நானாவுக்குக் கொடுப்பவர். மற்றவர்கள் கதைக்காக வந்தார்கள். அவர் அந்த விதிக்காக வந்தார். சில வருடங்களுக்கு முன் அவரும் அவருடைய தமையனும் புல்மோட்டைக்கு அப்பால் என்ஜின் பழுதாகிக் கடலோடு இழுபட்டுப் போயிருந்தார்கள். ஒரு பெரிய கப்பல் கிட்டவாக வந்திருக்கிறது. தமையன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி வீசிக் காட்டினாராம். மேல்தளத்தில் நின்ற ஒருவன் பதிலுக்குக் கையை ஆட்டினானாம். கப்பல் திரும்பவில்லை. இவர் மட்டும்தான் உயிரோடு கரை சேர்ந்தார். இதை அவர் எனக்கு ஒரேயொரு முறை, நானாவின் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கே, "அண்ணை, உண்மையாவே அப்பிடித்தான் சொல்றாங்களோ? கூலி, கைக்காசு ஒண்டும் கேக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் கேக்கிறேல்லை. அதுதான் அவையின்ர சட்டம்."

"ம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் படம் டவுன் தியேட்டருக்கு வந்தது. எடுத்த நாட்டில் தொடர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு அதே நடிகர்களை வைத்து எடுத்த தொடர்ச்சி. நமக்குத் தொடரும் பிந்தி வந்தது, படமும் பிந்தி வந்தது; இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. போஸ்டரைக் கண்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எல்லாரும் போவம்" என்று முதலில் சொன்னவன் நான்தான். ஞாயிறு மட்னிக் காட்சிக்கு நானா, சல்லிக்காரர், நான், என் மனைவியின் தம்பி என்று நாலு பேர் போனோம். மனைவியின் தம்பிக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை, நல்ல ஆங்கிலம். ஆனால் சனிக்கிழமையில் சீட்டு விளையாடப் போகிறவன். தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் நடுவில் இருந்து மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதல் பாதியிலேயே பிழைகள். தொடரில் என்ஜின் அறைக்கு ஏணியால் இறங்கவேண்டும். படத்தில் கதவைத் திறந்தால் என்ஜின் அறை. தொடரில் கிழவர் தேநீருக்குச் சீனி தொடாதவர். படத்தில் அள்ளிப் போட்டுக் கலக்குகிறார். நீலச் சட்டைகள் சாம்பலாகிவிட்டன. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு கிழவர் உடைந்துகொண்டிருக்கும் ஒரு சந்திரனில் தனியாக அகப்படுகிறார். கூப்பிடுகிறார். கப்பல் ஏதோ ஒரு பெரிய சண்டைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாலுமிப் பெண்ணொருத்தி எழும்பி, "எங்கள் விதி?" என்று கேட்கிறாள்.

கப்டன் சிரித்தார். "அப்படியொரு விதி ஒருநாளும் இருந்ததில்லை. அது கிழவர் புதியவர்களுக்குச் சொல்லும் கதை" என்றார்.

என் வாய் நின்றுபோனது.

சல்லிக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். "அண்ணை, என்னவாம்? ஏன் திரும்பேல்லை?"

எரிபொருள் முடிந்துவிட்டதாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதும். ஆனால் அவர்கள் சொன்னது அதுவல்ல. கப்டன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். திரையில் வாத்தியம் முழங்கியது. கப்டனுக்குப் பதக்கம் குத்தினார்கள். காலரியில் விசிலடித்தார்கள்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "இது என்ன அநியாயம்? இந்தக் கப்டன் தன்ர வாயாலயே அந்த விதியைச் சொல்லிச் சத்தியம் பண்ணிப் பதவி எடுத்தவன். முதலாம் கிழமை காட்டின கதையிலேயே அது வந்தது! படம் எடுத்தவங்கள் தங்கட தொடரைத் தாங்களே பாக்கேல்லையோ?"

"அத்தான், படம் சோக்கான படம்" என்றான் மனைவியின் தம்பி. "கலரென்ன, சத்தமென்ன! வெறும் கதைக்குப் போய் இப்பிடிக் கொதிக்கிறியள்."

"நீ வாயை மூடு. ஒரு சனிக்கிழமையாவது வந்தனியே?"

நானா என் தோளில் தட்டினார். "தம்பி, நீங்க சொன்ன கதைதான் நல்லம். இவனுகள் உங்களிட்ட கேட்டு எடுத்திருக்கணும்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. "நான் சொன்ன கதையோ? நானா, நான் ஒண்டும் கட்டிச் சொல்லேல்லை."

"கட்டினா என்ன தம்பி, பிழையா? பிள்ளைகளுக்கு நல்ல புத்திதானே."

சல்லிக்காரர் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். "அண்ணை, கப்பல் திரும்பினதை நாங்களும் கண்டனாங்கள். ஏன் திரும்பினதெண்டு நீங்கள்தானே சொன்னது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "என்ர கதை தெரிஞ்சபடியால் ஒரு ஆறுதலுக்குச் சொல்லியிருப்பியள். பரவாயில்லை" என்று ஏறி மிதித்தார்.

பரவாயில்லையாம்! ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்யாத ஒன்றுக்காக அந்த மனிதர் என்னை மன்னித்துவிட்டுப் போனார். அவருடைய துக்கத்தைப் பார்த்து நான் இரக்கப்பட்டு ஒரு பொய்யை வாரம் வாரம் ஊட்டியதாகவும், தான் அதை வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் அவர் நினைத்துக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. கப்டனே இல்லையென்று சொன்ன பிறகு நான் எந்த மூலைக்கு?

மறுநாள் காலை மீன் இறக்க வந்தவரை மறித்து, நாட்குறிப்பைத் திறந்து, தொடரின் முதலாம் கிழமைக் கதையை எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்தார். "இதையும் நீங்கள்தானே அண்ணை எழுதினது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் நான் எரிந்துகொண்டிருந்தேன். ஒரு தொடரை எடுத்து முடித்தவர்களுக்கு அது முடிந்த வேலையாக இருக்கலாம். பார்த்தவர்களுக்கு அது கொடுத்த வாக்கு. வாரம் தவறாமல் ஒரு சொல்லைச் சொல்லி எங்களை நம்பவைத்துவிட்டு, பிறகு காசு வாங்கி உள்ளே விட்டு, அதெல்லாம் சும்மா சொன்னது என்று சிரிப்பதா? எங்கேயோ குளிரூட்டிய அறையில் ஒருவன் இருந்து அந்த ஒரு வசனத்தை எழுதியிருப்பான். சபையை அதிரவைக்கும் என்று நினைத்திருப்பான். அதிரவைத்தான்தான்.

அடுத்த சனிக்கிழமை போவதில்லை என்றிருந்தேன். ரீவியில் தொடர் இன்னும் முடியவில்லை, கால் கேட்கவில்லை. போனால் என் கதிரையில் மனைவியின் தம்பி இருக்கிறான். சல்லிக்காரர் ஏஜென்சிக்கே போய் அவனைக் கேட்டுக் கூட்டிவந்திருந்தார்.

"கோவியாதையுங்கோ அண்ணை" என்றார். "ஒருக்கா வேற ஆளின்ர வாயால கேக்கவேணும்."

என்னைப் பரீட்சை பார்க்கிறார்கள். நான் பின்னால் போய் அலுமாரியோடு சாய்ந்து நின்றேன்.

அவன் மொழிபெயர்த்த அழகை என்னவென்பது! ஐந்து வசனத்துக்கு ஒன்று. "ஏதோ சண்டை" என்றான். "அவள் அழுறாள்" என்றான்.

"அது எங்களுக்கும் கண் தெரியுது தம்பி" என்றார் நானாவின் மனைவி.

பாதிக்குமேல் போனதும் கப்பலில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிழவர் விரலைத் தூக்கினார். படத்தின் கதை பிள்ளைகளின் காதுக்கும் போயிருந்தது; அவர்கள் அன்றைக்குக் கத்தவில்லை. கப்பல் திரும்பியது.

"ஏன் திரும்புது?" என்றார் சல்லிக்காரர்.

"ஆரோ கூப்பிடுறான்."

"ஆராம்?"

"தெரியாதாம். கேக்கவுமில்லை."

"அப்ப ஏன் திரும்பினவை?"

"அது அவையின்ர சட்டமாம். கூப்பிட்டால் திரும்பவேணுமாம், விசாரிக்கிறதெல்லாம் பிறகாம். அந்தக் கிழவன் சொல்றான், கப்டனும் ஓமெண்டுறான்." அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப படத்தில ஏன் இல்லையெண்டவன்?"

சல்லிக்காரர் எழும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. படம் எடுத்தவனை ஏசத் தொடங்கினார். அவனையும், அவனுக்குக் காசு கொடுத்தவனையும், பதக்கம் குத்தியவனையும், கையை ஆட்டிவிட்டுப் போன ஒருவனையும் சேர்த்து ஏசினார். வள்ளம் தள்ளும்போது ஆண்கள் தங்களுக்குள் மட்டும் பேசும் சொற்கள். நானா பெண்களைக் குசினிக்குப் போகச் சொன்னார். ஒருவரும் போகவில்லை. நான் அவரைத் தடுக்கவில்லை. அந்த ஏச்சும் எனக்குப் போதாமல்தான் இருந்தது.