மூன்று டெசிபெல் பொய்

குளிர்காலம் முடியும்போது, இந்த ஜெர்மன் ஊரில், கட்டணம் போடுவதற்காக ஒருவர் வீடு வீடாக வந்து சூட்டை அளந்துகொண்டு போவார். ஒவ்வொரு அறை ரேடியேட்டரிலும் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் ஒட்டியிருக்கும். அதிலுள்ள நீலத் திரவம் எவ்வளவு ஆவியாகியிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். முதல் வருடம் என் படுக்கையறையிலும் அடுப்படியிலும் ஒரே எண் வந்தது. அடுப்படிக்கு அவ்வளவு சூடு செலவாகியிருக்காதே, குழாய் கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டேன். "எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எந்த ரேடியேட்டரில் ஒட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இது சின்னது, அதே எண்ணுக்குச் சூடு குறைவு" என்றார் பொறுமையாக. ஒரு கண்ணாடிக் குழாய்க்குக் கொடுத்த அந்த நியாயத்தை என் ஆபீசில் எனக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

விழுப்புரத்தில் படித்துவிட்டு இங்கே வந்து சிப் வடிவமைக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். என் பொறுப்பு ஆசிலேட்டர். செல்போனுக்குள் ஓயாமல் தாளம் தட்டிக்கொண்டிருக்கும் சர்க்யூட் அது. அந்தத் தாளம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதைத்தான் ஃபேஸ் நாய்ஸ் என்கிறோம். சிப்பைத் தயாரிக்க அனுப்பும் முன்பே சிமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓட்டி, தடுமாற்றத்தைக் கணித்துவிட வேண்டும். ஆறாவது வருடம், நான் வரைந்த ஆசிலேட்டரை ஒரு சிமுலேட்டரில் நானும், சரிபார்ப்பதற்காக வேறொன்றில் சக ஊழியன் மார்கஸும் ஓட்டினோம். அவனுக்கு வந்ததைவிட எனக்கு மூன்று டெசிபெல் குறைவு. டெசிபெல் கணக்கில் அது சரியாகப் பாதி.

மீட்டிங்கில் மார்கஸ் புன்னகையோடு சொன்னான்: "உங்கள் நாட்டில் எல்லாவற்றையும் வேகமாக முடிப்பீர்கள் அல்லவா? நிதானமாக இன்னொரு முறை ஓட்டிப் பாருங்களேன்." மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான், "சரி, பார்க்கிறேன்" என்றேன். நம் ஊரில் அது மேலே இருப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை. இங்கே தப்பை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் சரியாகாவிட்டால் ஆசிலேட்டரை மார்கஸிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவானது.

மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே எண். மார்கஸை ஒரு முறைகூட யாரும் திரும்ப ஓட்டச் சொல்லவில்லை. அவசரத்தில் செய்த தப்பு, வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து வைத்தாற்போல் மூன்று டெசிபெல்லாகவா வரும்? அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

நான்காம் நாள் என் சர்க்யூட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கம்பிச் சுருள், ஒரு கப்பாசிடர், அதிர்வு அடங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பகுதி, இவ்வளவு மட்டும் போட்டு ஒரு மொட்டை ஆசிலேட்டரை வரைந்தேன். விடையைப் பேனாவால் ஒரே பக்கத்தில் போட்டுவிடலாம். அதை இரண்டு சிமுலேட்டரிலும் ஓட்டினேன். அங்கேயும் அதே மூன்று டெசிபெல் வித்தியாசம் வந்து நின்றது. அப்படியானால் தப்பு என் சர்க்யூட்டிலும் இல்லை, என்னிடமும் இல்லை. இரண்டு கையேடுகளையும் எடுத்து வரிவரியாகப் படித்தேன். தாள அலைவரிசைக்கு மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று தடுமாற்றம் இரண்டு பக்கமும் பரவும். என் சிமுலேட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறது. அவனுடையது இரண்டையும் கூட்டிச் சொல்கிறது. இரண்டுமே சரி. இதைக் கணக்காக எழுதி, அந்தக் காகிதத்தை மார்கஸின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு "இன்டெரெஸான்ட்" என்றான், சுவாரஸ்யமாம். காபி எடுக்கப் போய்விட்டான். ஆசிலேட்டர் என்னிடமே இருந்தது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அன்று டிராமில் வரும்போது அவனை மனத்துக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பாவுக்குத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் மிட்டாய்க் கடை. போன மாதம், கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால், ஒரே நாள் காலையில் வெறும் வயிற்றில் திண்டிவனம் கிளினிக்கில் விரலில் குத்தியும், பிறகு விழுப்புரம் லேபில் நரம்பில் எடுத்தும் சர்க்கரை பார்த்தார்கள். விழுப்புரத்து எண் கூடுதலாக வந்தது. வழியில் பஸ் நம் கடை வாசலிலேயே நிற்கும், வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையை வாயில் போட்டிருப்பார் என்றான் தம்பி. நானும் போனிலேயே தீர்ப்புச் சொன்னேன்.

"பொய் சொல்லாதீங்கப்பா. மெஷின் பொய் சொல்லுமா?"

"பச்சத் தண்ணிகூட வாயில வெக்கல கண்ணு. பஸ்ஸ விட்டே எறங்கல."

"இன்னொரு வாட்டி வெறும் வயித்துல போய் எடுங்க."

"சரி, பாக்கறேன்" என்று போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அது ஒப்புதல் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பியைப் போனில் கூப்பிட்டு, சர்க்கரை ரிப்போர்ட் இரண்டிலும் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். திண்டிவனத்தில் முழு ரத்தத்தில் பார்த்தது. விழுப்புரத்தில் அணுக்களைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரில் மட்டும் பார்த்தது. அதில் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அதையும், பின்னாலேயே ஆபீஸ் கதையையும் சொன்னேன். அப்பா கொதித்துப்போனார்.

"யாரு அவன், உன்ன அப்படிக் கேக்கறதுக்கு? நீ ராப்பகலா வேல பண்ணிக்கினு இருக்கிற. மெஷினுக்கு மெஷினு மாறுச்சின்னா மனுசன் மேலயா பழி போடுவாங்க?"

அதையேதான் நானும் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"அத வுடு" என்றார். "அவன் அசலூருக்காரன், உன்னத் தெரியாம கேட்டான். நீ என்னத் தெரிஞ்சவ இல்லியா?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நின்றேன். இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய். ஆபீசில் நான் சந்தேகிக்கப்பட்டவள், அப்பாவிடம் சந்தேகித்தவள். டிராமில் மார்கஸைத் திட்டிய கணக்கில் இதில் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது.