மிளகு எரியாத கால்

போன வருடம் தை இருபத்து நான்கு, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். கொல்லிமலையில் பனி விலகாமல் தூறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் மிளகுக் கொத்துகளை மிதித்துக்கொண்டிருந்தேன். மிளகு மிதிக்கும்போது நாங்கள் செருப்புப் போடுவதில்லை.

என் மனைவி செல்லம்மாள் ஒரு பிடி அள்ளினாள்.

"ஏனுங்க, இது பழுத்த மிளகா, ரத்தமா?"

என் காலைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு அடியில் குழி. அதற்குள் நான்கு மிளகு.

"எரியலீங்களா?"

எரியவில்லை. பச்சை மிளகு புண்ணில் பட்டால் எவரும் துடித்துப்போவார்கள். பதினொரு வருடச் சர்க்கரைக்காரனான எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

வலிக்காத புண்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஐந்தாம் நாள் விரல் கறுத்தது. காய்ச்சலோடு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம். காலைல பெரிய டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாருங்க" என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"காலு இல்லாட்டி என் பின்னாலயே வந்து நொய்நொய்னு கணக்குக் கேக்க மாட்டீங்க" என்று சொன்ன செல்லம்மாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எங்கள் மலைத்தெய்வம் பெரியசாமியைக் கூப்பிட்டேன். "சாமி, உன் மலையில் நடந்த கால். எடுத்துக்கொள்ளாதே." வேறு வார்த்தை வரவில்லை.

காலையில் பெரிய டாக்டர், ரத்த ஓட்டத்தைக் கேட்கும் பேனா போன்ற ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தார். சத்தமே இல்லை. நகர்த்தினார். இல்லை. மூன்றாவது இடத்தில் உஸ், உஸ் என்று கேட்டது.

"ரத்தம் ஓடுதுங்க. விரலோட நிறுத்தப் பார்க்கலாம்."

அந்தச் சத்தத்தைப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் அழுகை எண்ண விடவில்லை.

சொன்னபடியே விரலோடு நின்றது. புண் ஆறியதும் வெறுங்காலில் மலைக்கோயில் ஏறுவதாகப் பூசாரியிடம் சொன்னேன்.

"இருக்கிற ஒம்போது விரலையும் சாமிக்கே குடுக்கப் போறீங்களா? செருப்போட ஏறி வாங்க. வாசல்ல கழட்டுனாப் போதும்" என்றார்.

இப்போது வீட்டுக்குள்ளும் செருப்புதான். தினமும் செல்லம்மாள் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே விளக்கேற்றுகிறாள்.

பெரியசாமியை நம்புகிறவர்களே, உங்களுக்கும் சர்க்கரை இருந்தால் இன்றே பாதத்தைப் பாருங்கள். புண் இருந்தால் மஞ்சள் வைத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து சாமியைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கேட்கும். நான் கூப்பிட்டது கேட்டது.

ஆஸ்பத்திரி, மருந்து, பஸ், நேர்ந்துகொண்ட பொங்கல், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். ஒரு சுண்டுவிரல்.