ரிப்பேருக்கு வந்த கஸ்பார் அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை காலை அலைபேசித் திரையில் 'கஸ்பார் அண்ணாச்சி' என்று பெயர் வந்ததும், எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை. என் மாதிரி ரயிலின் தண்டவாளத்தையெல்லாம் துடைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் நான். திட்டி முடித்த பிறகுதான் மறுமுனையில் இருப்பது அவருடைய மகன் என்று தெரிந்தது. "சார், அப்பா போயிட்டாங்க" என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் திட்டியது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் சிரித்திருப்பார். பதினொரு வருடப் பழக்கத்தில் என் கோபத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

சிந்துபூந்துறையில் என் வீட்டு முன்னறைக்கு ரயில் பார்க்க வந்துபோகும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அரைக்கைச் சட்டை, வெயிலில் கறுத்துத் தடித்த முன்கை, எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது என்ன எடை இருக்கும் என்று யோசிக்கிற பார்வை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணப்பாட்டுக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டையில் மகன் வீட்டோடு வந்து இருந்தார். நான் கணக்கு வாத்தியார். ஓய்வுக்கு முன்பிருந்தே வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைப்பது என் பைத்தியம். பதினான்கு அடி நீள மேசை மேல் திருநெல்வேலி ஜங்ஷன், தாமிரபரணிப் பாலம், அதைத் தாண்டி வயல், வாழைத்தோட்டம், திருச்செந்தூர் போகிற பாதை. எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஓர் ஆள் விரல் கணு உயரம் இருப்பான்.

எங்கள் முதல் சந்திப்பு வண்ணார்பேட்டையில் ஓர் இரும்புக்கடையில் நடந்தது. என் ரயில் பாதையின் கைகாட்டிக்கு மெல்லிய கம்பி தேடிக்கொண்டிருந்தேன். எதைக் காட்டினாலும் தடிமன் என்று தள்ளினேன். கடைக்காரர் பொறுமை இழந்து, தலைமுடிதான் மிச்சம் என்றார். பக்கத்தில் நின்றிருந்தவர் என்னிடம் திரும்பி, என்ன பளு தூக்கணும் என்று அக்கறையாகக் கேட்டார். அரிசி மணி அளவுகூட இல்லை என்றேன். அதற்கு எதற்கு இத்தனை பாடு என்று பார்த்துவிடுவதற்காகவே என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார்.

ரயில் இரண்டு சுற்று சுற்றி வரும்வரை குனிந்து பார்த்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது இதுதான்: "எல்லாம் நல்லா இருக்கு சார்வாள். ஆனா ஒருத்தனும் வேலை செய்யலியே. எங்கனயாவது நாலு பேரு தோண்டிப் போட்டிருக்கணும்லா. தோண்டாத ஊரு எங்க இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. என் ஊரில் எல்லாமே கட்டி முடித்து வெள்ளையடித்து நின்றன. ஸ்டேஷனில் ஒரு கறை கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அடுத்த வாரமே ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே பாதி கட்டிய வீடு ஒன்று. சன்னலுக்கு ஓட்டை மட்டும் இருந்தது, மேலே கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன, முகப்பில் திருஷ்டிப் பொம்மைகூடத் தொங்கியது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் அதற்கு இடம் கொடுத்தேன். பிறகு என் மேசை மேல் இருந்த கோயில் கோபுரத்துக்கு ஈர்க்குச்சியில் சாரம் கட்டிக்கொண்டு வந்தார். கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்டேன். நீங்கள்தான் தேதி குறிக்க வேண்டும் என்றார். அந்தச் சாரம் ஒரு மாதம்தான் நின்றது. கழற்றிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் அந்த மார்கழி வெள்ளம் வந்தது. உங்களில் பலர் வீட்டிலும் புகுந்த வெள்ளம்தான். நாங்கள் மாடியில் இருந்ததால் பிழைத்தோம். முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு இறங்கி வந்து பார்த்தேன். ஜங்ஷன் சேற்றுக்குள் இருந்தது. கோபுரத்தைக் காணோம். பாலத்தைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாங்க நான் சுண்ணாம்புமாவில் கட்டிய கரை நாலடி நீளத்துக்குக் கரைந்து போயிருந்தது. தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. அதே வாரம் செய்தித்தாளில் திருச்செந்தூர்ப் பாதையின் படம் வந்திருந்தது. அதிலும் தண்டவாளம் அப்படித்தான் தொங்கியது. இருபது வருட வேலையில் முழுசாகத் தப்பியது ஒன்றே ஒன்றுதான். மேசையின் உயர்ந்த ஓரத்தில், தேங்காய்நாரைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து ஒவ்வொரு நாற்றாக நான் நட்டிருந்த வயல்.

பழைய சாமான் எடுப்பவரை வரச்சொல்லி என் மனைவி கோமதியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எழுபது நடந்தது. இன்னொரு முறை தொடங்குகிற வயது அது இல்லை. அன்று மத்தியானம் கஸ்பார் அண்ணாச்சி முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். எங்களுக்கு அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டு வந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு மேசையருகே போனார். குனிந்து, அந்த உடைப்பையே வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் கலைச்சிராதீங்க. இப்படி ஒரு உடைப்பை உங்களாலயும் செய்ய முடியாது, என்னாலயும் செய்ய முடியாது. இப்பம் இங்கன வேலை இருக்கு சார்வாள்" என்றார்.

என் கஷ்டம் உமக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். வெளியே போகச் சொன்னேன். போய்விட்டார். பதினைந்து நாள் பேச்சு இல்லை. ஆனால் பழைய சாமான்காரர் வந்தபோது, அப்புறம் வாரும் என்று கோமதி திருப்பி அனுப்பிவிட்டாள். யாரைக் கேட்டு அனுப்பினாய் என்றதற்கு, சேறு காயட்டும் என்றாள்.

பதினாறாம் நாள் அவர் ஒரு செருப்பு டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே கிரேன். நீண்ட கை பழைய குடைக்கம்பியால் செய்தது. கேபின் பிஸ்கட் டப்பாத் தகரம். மண்ணில் ஊர்ந்து போகிற சங்கிலிப்பட்டைக்குத் தன் கைக்கடிகாரத்தின் பட்டையை அறுத்துப் போட்டிருந்தார். மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பில் கொக்கி தொங்கியது. பக்கவாட்டில் ஒரு குட்டிக் கைப்பிடி, அதைச் சுற்றினால் கொக்கி பைய இறங்கும். மனுஷர் முப்பது வருடம் உட்கார்ந்த இயந்திரம் அது. ஒரு திருகாணிகூடத் தப்பாக இருக்கவில்லை. அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னால் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

ஆனால் சண்டை அதோடு ஓயவில்லை. வருகிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று கிரேனை மேசையின் முன்விளிம்பில், உடைப்புக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். அவர் எடுத்துவிட்டார். திரும்ப வைத்தேன். திரும்ப எடுத்தார். அந்த இடம் ஈர மண், இத்தனை டன் அங்கே நிற்காது என்றார். சரி, நீரே இடம் சொல்லும் என்றேன். இடத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இது இங்கன எப்பிடி வந்துது? வானத்துலேருந்தா இறங்குச்சு?"

உடைப்புக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழைத்தோட்டம் இருந்த பள்ளம். கிரேனும் பொக்லைனும் டிப்பர் லாரிகளும் வர வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. என் வயல். தப்பிப் பிழைத்த அந்த ஒரே வயல். முடியாது என்றேன். சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வற்புறுத்தவும் இல்லை, கிளம்பவும் இல்லை. நிஜத்தில் அந்தப் பாதையைச் சரிசெய்யப் போனபோது யார் வயலில் இறங்கியிருப்பார்கள் என்று கோமதிதான் கேட்டாள். யாரோ ஒருவர் தன் வயலை விட்டிருக்க வேண்டும். அதை நான் யோசித்ததே இல்லை. அரைமணி நேரம் கழித்துக் கத்தியை எடுத்து, நான் நட்ட நாற்றை நானே அறுத்தேன். அறுக்க அறுக்க அவர் பின்னாலேயே செம்மண் பரப்பிக்கொண்டு வந்தார். லாரி போன தடத்தைக்கூட விரலால் அழுத்திப் பதித்தார்.

அடுத்த எட்டு மாதம் என் வீட்டு முன்னறை ஒரு வேலைத்தளம். அவர் மனைவி பிலோமினா பாண்டேஜ் துணியைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய மணல் மூட்டைகளை நூற்றுக்கணக்கில் தைத்துக் கொடுத்தார். ஆற்று மணலைச் சலித்துத் துணியில் நிரப்பியது நான். தகரக் கொட்டகையில் சிமெண்ட் மூட்டை அடுக்கினோம். மூட்டை சுமக்கவும் மண் வெட்டவும் விரல்கணு ஆட்களை நிறுத்தி, ஒருவனைக் கிரேன் கேபினில் உட்கார வைத்தோம். நீலத் தார்ப்பாய் போட்ட டீக்கடை வந்தது. ஓர் ஓரத்தில் அண்ணாச்சி நாலு குச்சி நட்டுச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அது என்ன என்றேன். "ஆளு இருந்தா கக்கூஸும் வேணும்லா" என்றார். கரையை வெறும் மாவில் நிரப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அரையங்குல மண் போடுவது, தட்டுவது, காயவிடுவது, அதன் மேல் அடுத்த அரையங்குலம். யாருக்கும் வெளியே தெரியப் போவதில்லையே என்றால், ரயிலுக்குத் தெரியும் என்பார்.

முதல் ஓட்டத்தன்று நான் நேராக எக்ஸ்பிரஸை விட நினைத்தேன். இஞ்சின் மட்டும் போகட்டும் என்று தடுத்துவிட்டார். மூன்று தடவை, ஆள் நடக்கிற வேகத்தில், இஞ்சின் மட்டும். ஒவ்வொரு தடவையும் கரையோரம் கண்ணை வைத்து, மண் இறங்குகிறதா என்று பார்த்தார். நாலாம் தடவை ஆறு பெட்டியோடு ரயில் அந்த நாலடியைக் கடந்தது. கோமதி கை தட்டினாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மண்டபத்தில் விடுமுறையின்போது அதைக் காட்சிக்கு வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் நாள் ஐந்தாறு பேர் வந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் நின்று வேலை பார்த்த தண்டவாளத் தொழிலாளர்கள். ஜங்ஷனை அவர்கள் பார்க்கவே இல்லை. நேராக உடைப்புக்கு வந்தார்கள். வயதில் மூத்தவர் மூட்டை அடுக்கியிருந்த விதத்தை விரலால் தொடாமல் தொடர்ந்து போனார். பிறகு கூட வந்தவரைக் கிட்டே இழுத்தார். "ஏலே, இந்தா நிக்கிறது நீ. மூட்டை சுமக்குது பாரு, அது நான்" என்றார். ஆளாளுக்குத் தங்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் தன் அலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

யார் செய்தது என்று அந்த மூத்தவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சார்வாளோட லைனு. நான் ரிப்பேருக்கு வந்தவன்."

அன்று நான் அதை மறுத்துச் சொல்லவில்லை. கூட்டம், பரபரப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்த ஊரில் உயிரோடு இருக்கிற பகுதி அந்த நாலடிதான். அதில் அறுத்த வயல் மட்டும்தான் என்னுடையது. மீதி அத்தனையும் கஸ்பார் அண்ணாச்சியின் வேலை. இப்படி ஒரு ஆள் என் வீட்டுக்கு வேலை செய்ய வந்தார் என்பதில் எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவருடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து, பிலோமினா மகனோடு என் வீட்டுக்கு வந்தார். அத்தனை மூட்டை தைத்தவர், அவை போய்ச் சேர்ந்த இடத்தை அதுவரை பார்த்ததில்லை. கண்காட்சி நடந்தபோது பேறுகாலத்துக்கு மகளிடம் போயிருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிரேன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். "இதை ஓட்டுதவரு எங்க சார்?" என்று கேட்டார். கேபின் காலியாக இருந்தது.

அவர் கடைசியாக வந்த நாளைச் சொன்னேன். வெள்ளத் தண்ணீர் வடிவதற்கான குழாய்ப் பாலத்தின் சிமெண்ட் குழாய் ஒன்று, கண்காட்சிக் காலத்திலிருந்தே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் கைப்பிடியைச் சுற்றி, அதைப் பைய இறக்கி, அதன் இடத்தில் உட்கார வைத்தார். பிறகு கேபின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த விரல்கணு மனிதனை எடுத்து, தார்ப்பாய் டீக்கடை பெஞ்சில் கொண்டுபோய் வைத்தார். ஏன் இறக்கிவிட்டீர் என்றேன். "கொக்கியில பளு தொங்கும்போது எவனும் கேபினை விட்டு இறங்கக் கூடாது சார்வாள். எறக்கி வச்சாச்சுன்னா போலாம்" என்றார்.

பிலோமினா குனிந்து அந்த பெஞ்சைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்பம் சரி" என்றார். "எல்லாத்தையும் எறக்கி வச்சிட்டுத்தான் போயிருக்காரு."

அவருடைய பொருள் ஏதாவது ஞாபகத்துக்கு வேண்டுமா என்று மகன் கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன். கிரேன் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அந்தக் காலி இருக்கையை நான் வைத்துக்கொள்கிறேன்.