அண்ணியின் மூக்கு

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எல்லா வாடையும் பழகிப்போய்விடும். சாம்பல், எண்ணெய், காய்கிற மீன், எதுவும் எங்கள் மூக்கில் ஏறாது. என் அண்ணன் மனைவி மட்டும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக மறுத்தாள். துணி காயப்போடும்போது சட்டென்று நின்று, முகத்தைத் தூக்கி, "இன்னாமோ வாட வருதுடி" என்பாள். மோப்ப நாய் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு விடியற்காலை அவள் சொன்னது உண்மையாகிவிட்டது. ஏதோ ஓர் ஆலையிலிருந்து அம்மோனியா கசிந்ததாம். கண் எரிய, மூச்சு அடைக்க, குழந்தைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஓடினோம். சைரன் எதுவும் அடிக்கவில்லை. குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணி கத்திப் போட்ட குரல்தான் பல வீடுகளை எழுப்பியது.

அன்றிலிருந்து குப்பத்தில் ஒரு வழக்கம் வந்தது. அண்ணி நம்பரிலிருந்து என்ன வந்தாலும் உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு. கேட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று அன்றைக்கே பார்த்துவிட்டோமே.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறேன். அங்கே அவ்வப்போது டை கட்டிய ஒருவர் வந்து, தெரியாதவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள் என்று பாடம் எடுப்பார். தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். உயிரைக் காப்பாற்றியவளிடமிருந்தே லிங்க் வந்தால் என்ன செய்வது என்பது அவர் பாடத்தில் இல்லை.

அது அப்படித்தான் வந்தது. கேஸ் கசிந்தால் உங்கள் போன் தானாகவே கத்தும், இந்த ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அண்ணிக்கு ஒரு செய்தி. மேலே சர்க்கார் முத்திரை மாதிரி ஒரு படம். நாங்கள் எதற்கு நடுங்குவோம் என்று எவனோ நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான். எங்களில் அதிகம் பயந்தவள் அண்ணிதான், அவளே முதலில் ஏற்றினாள். அந்த ஆப் அவள் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவள் பெயரிலேயே எல்லாருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. குப்பமும் வழக்கப்படி கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டது.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. ஆப்பை விட்டவர்கள் அவள் போனிலிருந்த போட்டோக்களைத் திருடி, அசிங்கமாக வெட்டி ஒட்டி, கேட்ட பணம் வரவில்லை என்று அவள் நம்பரிலிருந்தே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் நின்றது. அவள் அம்மா எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

"உன் நம்பர்ல இருந்துதான வந்துச்சு? எம் பொண்ணு வாய்க்கையே பூட்ச்சேடி!"

"நா அனுப்பலக்கா. சத்தியமா எனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று அண்ணி அழுதாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு குப்பத்தின் பயம் இடம் மாறிவிட்டது. ராத்திரியானால் போனை அரிசி டிரம்மில் போட்டு மூடினார்கள். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். எனக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆலைகளும் குழாய்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குரூப் அட்மின் எங்கள் தெருக்காரர், துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நல்ல மனுஷன். அவர் அண்ணியைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டு, இனி அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றினார்.

"ஏண்ணே, நீ டூட்டில கீறப்போ வாட வந்தா இன்னா பண்றது?" என்று கேட்டேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"ஷிப்ட் முட்ச்சி வந்து, செக் பண்ணி போடறேன் தங்கச்சி. அல்லாம் நம்ம சேப்டிக்கித்தான்" என்று சிரித்தார்.

குப்பம் நிம்மதியானது. எனக்குத்தான் ஆகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"வந்துட்சிடி" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டை கரகரத்தது. குரூப்பைத் திறந்தேன், எழுதுவதற்கு இடமே இல்லை. அட்மினுக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். அண்ணி முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவை இடித்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கதவு பாதிதான் திறந்தது. உள்ளே அந்தப் பெண் இருமுவது கேட்டது.

"அக்கா, கேஸ் வருதுக்கா. பொண்ண இட்டுகினு வெளிய வாக்கா" என்று அண்ணி கெஞ்சினாள்.

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"குரூப்ல ஒண்ணும் வர்லியே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அண்ணி அடுத்த கதவுக்கு ஓடினாள், அதற்கடுத்த கதவுக்கும். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். காற்று கடல் பக்கம் திரும்பியதால் அன்றைக்குப் பிழைத்தோம். சாயங்காலம் தண்ணீர் லாரிக் குழாயில் குடம் வைத்தபடியே, குரூப்பில் வராதது நல்லதாப் போச்சு, வந்திருந்தால் வீணாக ஓடியிருப்போம் என்று பேசிக்கொண்டார்கள். அட்மினைக் கெட்டிக்காரர் என்றார்கள். அண்ணி அங்கேதான் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

வாடை இப்போதும் வருகிறது. அண்ணிக்குத்தான் முதலில் தெரிகிறது. அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.